டி1 (க்யூபிட் எனர்ஜிய தாங்கற நேரம்) நிலையா நிக்கல, டிகோடருக்கு வெயிட் எப்படி கொடுக்கறீங்க?

குவாண்டம் கம்ப்யூட்டிங்ல ரிசர்ச் வேலை பாக்கறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கை கொடுங்க. சர்ஃபேஸ் கோடுக்கு (பல க்யூபிட்ட சேர்த்து எர்ரர திருத்தற முறை) டிகோடர், அதாவது எர்ரர் எங்க வந்துச்சுன்னு கண்டுபிடிக்கற ப்ரோக்ராம், எழுதறதுதான் என் வேலை, படிச்சது முழுக்க தியரி, இப்ப சூப்பர்கண்டக்டிங் சிப் டீமோட உக்காந்திருக்கேன். சிமுலேஷன்ல எல்லா க்யூபிட்டுக்கும் ஒரே எர்ரர் ரேட் போட்டு ஓட்டுனா கிராஃப் அழகா வருது, நிஜ சிப் டேட்டாவ கொடுத்தா அப்படியே படுத்துடுது.

சில க்யூபிட்டோட டி1 ஒரு இடத்துல நிக்கறதே இல்லங்க. காலைல காலிப்ரேட் பண்ணும்போது நல்லாருக்கும், சாயங்காலம் பாத்தா பாதி! ஃப்ரிட்ஜ் 20 மில்லிகெல்வினுக்குள்ளயே அசையாம இருக்கு, அதனால அது காரணம் இல்ல. ஆக்ஸைடு லேயர்ல இருக்கற டிஎல்எஸ் டிஃபெக்ட் (ரெண்டு நிலைக்கு நடுவுல மாறற நுண்ணிய குறை) ஏதாவது க்யூபிட் ஃப்ரீக்வன்சி பக்கமா நகர்ந்து வந்து எனர்ஜிய உறிஞ்சிடுதுன்னு ஹார்டுவேர் ஆளுங்க சொல்றாங்க, சரிதான், ஆனா என் மேட்சிங் டிகோடர்ல எட்ஜ் வெயிட் (எந்த எர்ரருக்கு எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற நம்பர்) எல்லாம் காலைல எடுத்த நம்பர்லயே நிக்குதே, அத என்ன பண்றது?

நீங்க சின்ட்ரோம் (ஒவ்வொரு ரவுண்டுலயும் வர்ற எர்ரர் செக் ரிசல்ட்) ஹிஸ்டரியில இருந்தே கோரிலேஷன் எடுத்து வெயிட்ட அப்டேட் பண்றீங்களா, இல்ல ரன்ன நடுவுல நிறுத்தி டி1 அளக்கறீங்களா? நிறுத்துனா லாஜிக்கல் க்யூபிட் (எல்லா க்யூபிட்டும் சேர்ந்து காப்பாத்தற தகவல்) போச்சு, அதனால முதல் வழிதான் எனக்கு சரின்னு படுது. ஆனா எத்தன ரவுண்டு டேட்டா சேர்ந்தா அந்த எஸ்டிமேட்ட நம்பலாம், அதுக்குள்ள டி1 மறுபடி மாறிட்டா? பேப்பர்ல எல்லாம் இந்த இடத்த ஒரே வரில தாண்டிடறாங்க, கடுப்பா இருக்கு.

கைல செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ். 'குவாண்டம் உலகத்தையே மாத்தப்போகுது' வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம்.