ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நிறத்தைக் கண்காணிக்க லூமா வேவ்ஃபார்ம் போதுமா?

கேள்வி – திருமண ஒளிப்பதிவாளர், சேலம்

வணக்கம். அடுத்த மாதம் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு திருமணத்தை இரண்டு கேமராக்களில் பதிவு செய்ய இருக்கிறேன். அதே இடத்தில் காலைப் பனிமூட்டத்தில் ஒத்திகை பார்த்தபோது, இரண்டு மானிட்டர்களிலும் படத்தின் ஒளிர்வை இடவாரியாகக் காட்டும் வரைபடமான லூமா வேவ்ஃபார்மைப் பார்த்து முகங்களை ஏறத்தாழ 60 ஐஆர்இ அளவில் (கருமை 0, முழு வெண்மை 100) நிறுத்தினேன். கூறைப்புடவையின் சிவப்புப் பகுதி 35ஐத் தாண்டவில்லை. ஆயினும் கணினியில் பார்க்கையில் புடவையின் நெசவும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்பாக அப்பிக் கிடக்கிறது. பனியோ ஒரு கேமராவில் நீலமாகவும் மற்றதில் வெண்மையாகவும் இருக்கிறது. மானிட்டர் மெனுவில் வேவ்ஃபார்முக்கு உள்ள ஆர்ஜிபி பரேடு, ஓவர்லே, ஒய்சிபிசிஆர் ஆகிய முறைகளை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – கலரிஸ்ட்

நண்பரே, லூமா முறை காட்டுவது நிறத்தை அன்று, மூன்று நிறங்களும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து கிடைக்கும் ஒளிர்வை மட்டுமே. ரெக் 709 என்னும் எச்டி வீடியோ தரத்தில் அந்த விகிதம் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722. உங்கள் புடவையில் சிவப்பு 100, பச்சை 15, நீலம் 20 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் லூமா 33 அளவில்தான் வரும். சிவப்புச் சேனல் உச்சியில் முட்டி விவரம் முழுவதையும் இழந்த நிலையிலும், லூமா கோடு அடியில் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. மணமேடையில் தொங்கும் மஞ்சள் செண்டுமல்லி இதற்கு நேர்மாறானது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் லூமா மேலேறிவிடும், நீலமோ தரையைத் தொட்டு நசுங்கும். அதுவும் லூமாவில் தெரியாது.

ஆகவே பட்டும் பூவும் நிறைந்த காட்சிக்கு ஆர்ஜிபி பரேடே முதன்மையானது. அதில் ஒரே சட்டகம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனித்தனி வேவ்ஃபார்ம்களாக அருகருகே விரியும். ஒவ்வொன்றிலும் இடவலம் படத்தின் இடவலத்தோடு பொருந்தும் என்பதால், மணமகள் நிற்கும் இடத்துக்கு நேராகச் சிவப்புப் பகுதியைப் பார்த்தால் புடவை எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். முட்டினால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், அல்லது கேமராவின் பிக்சர் புரொஃபைலில் (பட அமைப்புகளில்) நிறச் செறிவான சாச்சுரேஷனைத் தாழ்த்துங்கள். பதிவிலேயே வெட்டுப்பட்ட சேனலைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க இயலாது.

மறுமொழி 2 – நேரலை வீடியோ பொறியாளர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முகத்தின் எக்ஸ்போஷருக்கு லூமாவைக் கைவிட வேண்டாம். சிறிய மானிட்டரில் பரேடு மூன்றாகப் பிரிவதால் ஒவ்வொரு பகுதியும் மிகக் குறுகிவிடுகிறது.

இரண்டு கேமராக்களைப் பொருத்த எனக்கு மூன்று நிறக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் காட்டும் ஓவர்லே முறைதான் பிடிக்கும். தானியங்கி ஒயிட் பேலன்ஸை நிறுத்திவிட்டு, மணமக்கள் நிற்கும் அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல்நிற அட்டையைப் பிடியுங்கள். மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து வெள்ளையாகத் தெரிந்தால் சமநிலை சரி. நீலம் மட்டும் மேலே பிரிந்து நின்றால் படத்தில் நீலச்சாயல் உள்ளது. ஒளிர்வையும் (ஒய்) நீல, சிவப்பு நிறவேறுபாடுகளையும் (சிபி, சிஆர்) தனித்தனியே காட்டும் ஒய்சிபிசிஆர் முறையிலும் இதையே காணலாம்: நிறமற்ற பொருளுக்குச் சிபி, சிஆர் இரண்டும் நடுக்கோட்டில், அதாவது 0 முதல் 1023 வரையிலான 10 பிட் அளவில் 512இல் ஒடுங்கிவிடும். மணமகனின் வெண்பட்டு வேட்டியை அளவாகக் கொள்ளும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அது 100ஐத் தாண்டி வெட்டுப்பட்டிருந்தால் மூன்று சேனல்களும் உச்சியில் சமமாக நிற்கும். அதைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் சரி என்று நம்பக் கூடாது.

சேர்வராயன் மலைப் பனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பனி கருமையை மேலே தூக்கிவிடுவதால் வேவ்ஃபார்மின் அடிப்பகுதி சுழியைத் தொடாது. அதைக் குறை என்று எண்ணிக் கீழே இழுத்தால் பனியே காணாமல் போகும். விடியற்காலையின் இலேசான நீலத்தையும் முழுமையாகத் துடைக்க வேண்டாம். இரண்டு கேமராக்களிலும் அது ஒரே அளவில் இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு கேமராவில் லாக் முறையில் (பின்னர் நிறம் சீர்செய்வதற்கான மங்கிய பதிவாக) பதிவு செய்து, அதை இயல்பான நிறத்தில் காட்ட மானிட்டரில் லட் என்னும் நிறமாற்ற அட்டவணையைப் போட்டிருக்கிறேன். வேவ்ஃபார்ம் எதைக் காட்டும்?

மறுமொழி 1 – கலரிஸ்ட்

அது மானிட்டரைப் பொறுத்தது. சிலவற்றில் லட்டுக்கு முந்தைய சிக்னலும் சிலவற்றில் பிந்தையதும் வரும். லட்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் கோடு நகர்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது லட்டுக்குப் பிந்தையது. அதில் சிவப்பு முட்டினாலும் லாக் பதிவில் விவரம் இருக்கக்கூடும். லாக் கேமராவுக்கு லட் இல்லாமலும், மற்ற கேமராவுக்கு நேரடியாகவும் பரேடு பார்த்து எக்ஸ்போஷர் வையுங்கள். இரண்டின் எண்களும் ஒத்துப்போகா. சாம்பல் அட்டையில் மூன்று சேனல்களும் சமமாக நிற்பதை மட்டும் ஒப்பிடுங்கள். எடிட்டிங்கில் லாக்கை ரெக் 709க்கு மாற்றிய பிறகு, முதலில் அந்த அட்டையையும் பின்னர் முகங்களையும் இரண்டு காட்சிகளிலும் பொருத்துங்கள். முகங்களுக்கு, சாயலையும் நிறச் செறிவையும் வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப் உதவும். கருத்த முகமும் சிவந்த முகமும் ஒளிர்வில்தான் பெரிதும் வேறுபடும். சாயல் பெரும்பாலும் அதில் வரைந்துள்ள தோல்நிறக் கோட்டை ஒட்டியே விழும்.