ராக்கெட்டும் ராம்ஜெட்டும் சேர்ந்த எஞ்சின்: இழுவைக் கணக்கு எங்கேயோ இடிக்கிறது

வணக்கம் நண்பர்களே. ராக்கெட் துணையோடு கிளம்பி, மாக் 2.5 (ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகம்) வாக்கில் ராம்ஜெட்டாகவும் (பாயும் வேகத்தாலேயே காற்றை அழுத்தி எரிப்பது), மாக் 5.5-க்கு மேல் ஸ்க்ராம்ஜெட்டாகவும் (உள்ளே காற்று ஒலியை மிஞ்சி ஓடும்போதே எரிப்பது) மாறும் ஹைட்ரஜன் எஞ்சினுக்குப் பைத்தானில் ஒற்றைப் பரிமாண (நீளவாக்கில் மட்டும் கணக்கிடும்) மாடல் எழுதுகிறேன். 2016-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ நடத்திய ஸ்க்ராம்ஜெட் சோதனையைப் பற்றிப் படித்ததில் பிடித்த பைத்தியம் இது.

மாக் 6, உயரம் 27 கி.மீ. என்று வையுங்கள். வினாடிக்கு ஒரு கிலோ காற்று உள்ளே வந்தாலே 1,800 நியூட்டன் இழுவை. வெளியேறும் வாயு தருவது என் கணக்கில் 2,400. மிச்சம் வெறும் 600. நாசிலில் (வாயு வெளியேறும் பின்குழாய்) 5% இழந்தால் 120 போச்சு, அதாவது கையில் நிற்பதில் ஐந்தில் ஒரு பங்கு!

சரி, அதைக்கூடச் சமாளிக்கலாம். நான் மாட்டிக்கொண்டது மாக் 2.5-இல். ராக்கெட்டை அணைத்ததும் நிகர உந்துவிசை மைனஸில் போகிறது. மாக் 6-க்கு வடிவமைத்த இன்டேக் (காற்று நுழையும் வாய்) அந்த வேகத்தில் வருகிற காற்றையெல்லாம் விழுங்காது, ஒரு பகுதி வெளியே வழிந்துவிடும். அந்த வழிவு இழுவையை எஞ்சினிலும் கழித்து, வாகன முகப்பின் அழுத்தத்திலும் மறுபடி கழிக்கிறேனோ என்று சந்தேகம்.

நீங்கள் எஞ்சின் கணக்கை எங்கே தொடங்குவீர்கள்? வாகனம் தொடாத முன்காற்றிலா, இன்டேக் உதட்டிலா? அப்புறம், எஜெக்டர் கலப்புக்கு (ராக்கெட் வாயு உள்ளே வரும் காற்றோடு கலப்பது) அழுத்தத்தை மாறாமல் வைப்பதா, குழாயின் குறுக்குப் பரப்பை வைப்பதா?

பார்த்துச் சொல்ல நேரமிருப்பவர்களுக்குப் பைத்தான் நிரலை அனுப்புகிறேன். சிஎஃப்டி (காற்றோட்டத்தை முழுதாகக் கணிக்கும் கனமான கணினிக் கணக்கு) ஓட்டச் சொல்லாதீர்கள், என் லேப்டாப் தாங்காது.