புயலுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள்: முதலில் எதைச் செய்வது?

தலவாக்கலை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையில் இந்த வருஷம் தரம் 11. 2025 நவம்பர் கடைசியில் இலங்கைக்கு டித்வா புயல் வந்ததிலிருந்து ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அக்காமாருக்கு மிச்சப் பாடங்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மண்சரிவு அபாயம் என்று சொன்னதால் சில குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன, அந்தப் பிள்ளைகள் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சிலபஸ் முடிப்பதைப் பற்றியும் சனி ஞாயிறு வகுப்பைப் பற்றியும்தான் பேச்சு. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வந்த 2020 முதல் 2022 வரையான காலத்தைக் கடந்து வந்த பாடசாலைகளில் எது உண்மையிலேயே உதவியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர், ஹட்டன்:
அம்மா, சிலபஸ் இரண்டாவது. வராத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல்தான் முதலாவது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதும் நாடே ஸூம், வாட்ஸ்அப் என்று போனது. தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் இருந்தாலே பெரிய விஷயம், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார், சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்க வேண்டும், டேட்டா போடக் காசு வேண்டும். எங்கள் பாடசாலை சிஸ்டர் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் தோட்டம் தோட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை பொறுப்பு. செயலட்டைகளைக் கட்டாகக் கட்டி மரக்கறி லொறியில் அனுப்புவோம். கோயிலிலோ, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலோ வைத்துக் கொடுப்பார்கள், எழுதிய கொப்பி அதே லொறியில் திரும்பி வரும். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள். பங்குச் சுவாமியும் மாரியம்மன் கோயில் தலைவரும் சேர்ந்துதான் இதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்கள், அதை நான் மறக்க மாட்டேன்.

கொப்பி திரும்பி வராத வீட்டுக்கு நாங்கள் நேரே போவோம். விஷயம் அங்கேதான் தெரியும். ஒருத்தி தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள், இன்னொருத்தியைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். பெண் பிள்ளை கொஞ்ச நாள் வீட்டில் நின்றாலே சமையலும் தண்ணீரும் அவள் தலையில் விழுந்துவிடும், அப்புறம் அவளைப் பாடசாலைக்கு அனுப்ப அம்மாவுக்கே வழி இருக்காது. அப்போது திட்டிப் பிரயோசனமில்லை. சின்னதுகளை யார் பார்ப்பது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால்தான் அவள் வருவாள். தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள்.

பழைய மாணவி, பதுளை:
டீச்சர் சொன்ன மாதிரி வளர்ந்தவள் நான். 2021க்கான சாதாரண தரப் பரீட்சையை 2022 மே மாதம்தான் எழுதினோம். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட், கொப்பி விலை கேட்கவே பயம். பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து, தரம் 6 பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எங்கள் பழைய மாணவிகள் சங்கம் அந்த வருஷம் விழா வைக்காமல் பஸ் காசு கொடுத்தது, தூரத்துப் பிள்ளைகள் பரீட்சை முடியும்வரை ஹொஸ்டலில் தங்கினார்கள். அதோடு ஒன்று, அக்கா. புயலைப் பார்த்த பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருவார்கள். காலை ஜெபத்துக்குப் பிறகு அவர்களைக் கொஞ்ச நேரம் பேச விடுங்கள்.

கணித ஆசிரியர், பண்டாரவளை:
எல்லாம் சரி, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதாரண தரத்தில் கணிதமும் தமிழும் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்குப் போவது கஷ்டம். வராத பிள்ளையைத் தேடிக் கூட்டி வந்துவிட்டு, விட்டுப்போன பாடத்தைக் கொடுக்காமல் வகுப்பில் உட்கார வைத்தால் அவள் மறுபடியும் நின்றுவிடுவாள். இந்த இரண்டு பாடத்துக்கு மட்டுமாவது தனியாக நேரம் ஒதுக்குங்கள், சனி ஞாயிறு வேண்டாம், பஸ் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடும் நாளில் வராத பிள்ளையிடம் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் அதிபரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

தலவாக்கலை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே வகுப்பாசிரியையிடம் பட்டியல் கேட்கிறேன். கோயில் தலைவரிடம் என் வீட்டுக்காரர் பேசுவார். டீச்சர், பொகவந்தலாவைப் பக்கம் வகுப்புக்கு வராத சில பிள்ளைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே நேரே போய்ப் பார்க்கக் கூடியவர்கள் யாரையாவது தெரியுமா?