மறு: த்ராட்டிலிங் லாஸ் - ‘நெரிப்பிழப்பு’ வேண்டாம், ‘இடுக்கிழப்பு’ என வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பேட்டரியில் ஓடும் பொக்லைன், ஃபோர்க்லிஃப்ட் போன்ற வண்டிகளின் ஹைட்ராலிக் (எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும்) அமைப்புக்கான கலைச்சொற்கள் பற்றிய மடல் இது. வால்வின் குறுகிய வழியில் எண்ணெயைத் தள்ளும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலைத்தான் த்ராட்டிலிங் லாஸ் என்கிறோம். முந்தைய மடலில் வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> த்ராட்டில் என்றால் நெரித்தல்தானே, ‘நெரிப்பிழப்பு’ என்று போட்டுவிடலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. பொருள் சரிதான், ஆனால் நெரிக்கும் நெறிக்கும் ஓர் எழுத்துதான் வேறு, பேச்சில் பலரிடம் அந்த வேறுபாடும் இல்லை. ஒரு நூலில் ‘நெறிப்பிழப்பு’ என்று அச்சாகிவிட்டால் ஒழுங்குபடுத்துவதால் வரும் இழப்பு என்று மாணவர் படித்துக்கொள்வார். வால்வு செய்கிற வேலையும் ஓரளவு ஒழுங்குபடுத்துவதுதான் என்பதால் பிழை கண்ணிலேயே படாது. முந்தைய மடலில் வந்த ‘ஒடுக்கம்’ நல்ல சொல், ஆனால் வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினையாக அது எப்போதோ நிலைத்துவிட்டது.

என் பரிந்துரை ‘இடுக்கு’. பெயராக வந்தால் குறுகிய சந்து, வினையாக வந்தால் நெருக்கிப் பிடிப்பது. இடுக்கி என்ற கருவிப் பெயரும் இதே வேரிலிருந்து வருவதுதான். வால்வுக்குள் ஸ்பூல் என்னும் உருளைத் துண்டு நகர்ந்து திறக்கும் மெல்லிய வழி இடுக்கு, அதன் வழியே எண்ணெயைத் தள்ளுவது இடுக்குதல், அங்கே அழுத்தம் விழுந்து வெப்பமாகப் போவது இடுக்கிழப்பு. ஒரே வேரிலிருந்து மூன்றும் கிடைக்கின்றன.

> மின்மோட்டார் போட்டாலே திறன் கூடிவிடுகிறது. ஹைட்ராலிக் இழப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல் எவ்வளவு புழங்கப்போகிறது என்பது இதைப் பொறுத்தது.

டீசல் பொக்லைனில் எஞ்சின் ஓடும்வரை பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சூடானால் கூலர் பார்த்துக்கொள்ளும், வீணாகிறதா, டாங்க் பெரியது. ஒரு கிலோ டீசலில் ஏறக்குறைய 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பில் கால் கிலோவாட்-மணி இருந்தால் பெரிய விஷயம். எஞ்சின் டீசலின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக இழக்கிறது, மோட்டார் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இழக்கிறது என்று கழித்துப் பார்த்தாலும் இருபது மடங்குக்கு அருகில் இடைவெளி நிற்கிறது. ஆகவே டீசல் வண்டியில் யாரும் கண்டுகொள்ளாத இழப்பு, பேட்டரி வண்டியில் வேலை நேரத்தையே வெட்டுகிறது.

எவ்வளவு வெட்டுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொக்லைனின் பூமை, அதாவது பெரிய கையை, தூக்க 200 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வேண்டும், அதே நேரம் பக்கெட்டை மடக்க 60 பாரில் இன்னொரு 40 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஒன்றுதான். சுமையை உணர்ந்து இயங்கும் நல்ல பம்பாக இருந்தாலும், அதிக அழுத்தம் கேட்கும் சிலிண்டரைவிட 20 பார் அளவுக்குக் கூடுதலாகத்தான் அது தரும். அதாவது 80 லிட்டரும் 220 பாரில் வருகிறது. பாரையும் லிட்டரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட்: பம்ப் தந்தது 29.3, இரண்டு சிலிண்டரும் பயன்படுத்தியது 17.3. மீதி 12 கிலோவாட் இடுக்கிழப்பு, அதில் பெரும்பகுதி பக்கெட் பக்கத்து வால்வில் போனது. அப்புறம் அந்தச் சூட்டைத் தணிக்க விசிறி ஓட வேண்டும், அதற்கும் மின்சாரம் அதே பேட்டரியிலிருந்துதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற ஏற்பாடு இது.

மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வால்வு அமைப்பை அப்படியே விட்டால் இந்த 12 கிலோவாட் இழப்பு அப்படியே இருக்கும். ஆனால் மின்மோட்டார் ஒரு வாய்ப்பைத் தருகிறது: வேலை இல்லாதபோது நிறுத்தலாம், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றலாம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மோட்டாரும் பம்பும் வைத்தால் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றைப் பாதிக்காது. பம்ப் சுற்றும் வேகமே சிலிண்டரின் வேகம். இதற்கு ‘இடுக்கில்லாக் கட்டுப்பாடு’ என்ற சொல் தானாக அமைகிறது பாருங்கள், நெரிப்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முயன்றால் நாக்கு சிக்குகிறது.

முழுக்க இடுக்கில்லாமல் முடியாது என்பதையும் பதிய வேண்டும். பிஸ்டன் தண்டு இருக்கும் பக்கத்தில் எண்ணெய் அழுத்தும் பரப்பு குறைவு, அதனால் ஒரு பக்கம் நுழையும் எண்ணெயும் மறுபக்கம் வெளியேறும் எண்ணெயும் சமமாக இராது, அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வால்வுகள் வேண்டியிருக்கும். குழாய் வெடித்தால் சுமை விழாமல் பிடிக்கவும் வால்வு வேண்டும். அதிர்வைத் தணிக்க வேண்டுமென்றே சிறு துளை வைப்பதும் உண்டு. இடுக்கு என்பதே குற்றமில்லை, வீணாகும் பகுதிதான் பிரச்சினை, ஆகவே ‘இழப்பு’ என்ற பின்பாதியை விட்டுவிட்டுச் சுருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> ரீஜெனரேஷனுக்கு ‘மீளுருவாக்கம்’ என்றே இருக்கட்டும்.

இதை ஏற்க முடியவில்லை. பல்லிக்கு வால் முளைப்பது மீளுருவாக்கம். இங்கே எதுவும் புதிதாக உருவாகவில்லை, தூக்கியபோது கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதியை இறக்கும்போது திரும்ப எடுக்கிறோம், அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்டில் ஒரு டன் சுமை 3 மீட்டர் இறங்கினால் 29 கிலோஜூல், அதாவது 8 வாட்-மணி. வழக்கமாக அது முழுவதும் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் இடுக்கிழப்பாகப் போகிறது. எண்ணெயைப் பம்ப் வழியே திருப்பி விட்டால் பம்ப் மோட்டாராகவும் மோட்டார் ஜெனரேட்டராகவும் மாறி, ஒரு பகுதி பேட்டரிக்குப் போகும். ஒருமுறைக்குச் சின்னத் தொகைதான், ஆனால் நாள் முழுக்க ஏற்றி இறக்கும் வண்டிக்கு அது சேரும். இதற்கு ‘ஆற்றல் மீட்பு’ என்பதே தெளிவு.

இன்னொரு காரணமும் உண்டு. தண்டுப் பக்கத்து எண்ணெயைத் தொட்டிக்கு விடாமல் மறுபக்கத்துக்கே அனுப்பி சிலிண்டரை வேகமாக நீட்டுவதற்கும் ஹைட்ராலிக்கில் ரீஜெனரேஷன் என்றுதான் பெயர். அதில் பேட்டரிக்கு எதுவும் போவதில்லை. அதை ‘மீள்பாய்ச்சல்’ என்று தனியே வைத்தால் இரண்டும் குழம்பாது.

ஹைட்ராலிக்குக்கு ‘நீரியல்’ வேண்டாம். அது மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆராயும் துறைக்கு வழங்குகிறது, இங்கே ஓடுவதோ எண்ணெய். ஹைட்ராலிக் என்றே இருக்கட்டும்.

பம்ப் ஒரு சுற்றில் தள்ளும் எண்ணெயின் அளவுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஆங்கிலத்தில் டிஸ்பிளேஸ்மென்ட், ஆனால் ‘இடப்பெயர்ச்சி’ இயற்பியலில் வேறு பொருளில் இருக்கிறது. ‘சுற்றுக் கொள்ளளவு’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகப் படுகிறது. பம்ப் பழுதுபார்க்கும் இடங்களில் வேறு சொல் புழங்கினால் யாராவது எழுதுங்கள்.

அன்புடன்.