நினைத்த உடனே போன் வருகிறதே, அது தற்செயலா?

செம்பூர்க்காரி: ஊரில் இருக்கும் அம்மாவை நினைத்தால் போதும், போன் அடிக்கும். "உனக்கு ஆயுசு நூறும்மா" என்றுதான் எடுப்பேன். அக்காவுக்கு டெங்கு என்று தகவல் வருமுன்பே எனக்கு இரண்டு நாளாக மனசு சரியில்லை. பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தால் இப்படி எத்தனையோ. சொல்லாமலே மனசும் மனசும் பேசிக்கொள்கின்றன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

லோக்கல்ரயில்: வந்துவிட்டேன். அம்மாவை நினைத்தும் போன் வராத நாட்கள் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, ஏனென்றால் அன்று எதுவும் நடக்கவில்லை. நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், பேப்பர் படிக்கும்போது பல வருடம் மறந்திருந்த ஒருவரை நினைத்தார். சில நிமிடத்தில் அதே பேப்பரில் அவருடைய மரணச் செய்தி. மனுஷன் மெய்சிலிர்த்து உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்கா மாதிரி பெரிய நாட்டில் இது தற்செயலாகவே தினமும் சிலருக்கு நடக்கும் என்று கணக்குப் போட்டு, 1965-இல் 'சயின்ஸ்' இதழுக்கு எழுதினார்.

மாட்டுங்கா_மாமா: கணக்கு எல்லாம் சரி. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் கதை தெரியுமோ? 1890-களில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிக்கு அடியில் போகவிருந்து தப்பினார். தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று வீட்டில் சகோதரி சொல்ல, அன்றே அப்பாவிடமிருந்து தந்தி. அந்த மர்மத்தைத் துரத்தித்தான் மூளையின் மின் அலைகளை 1924-இல் மனிதரிடம் முதன்முதலில் பதிவு செய்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடுக்கிற இஇஜி அதுதான்.

லோக்கல்ரயில்: மாமா, மீதியையும் சொல்லுங்கள். அந்த மின்சாரம் மண்டையில் கம்பி ஒட்டிப் பெருக்கினால்தான் தெரிகிற அளவுக்கு மெலிசு. அடுத்த ஊரில் இருக்கிற சகோதரிக்கு எப்படிப் போனது என்பதை அவரால் காட்டவே முடியவில்லை.

தாராவித்தம்பி: இரண்டு பேரும் விண்வெளிக்குப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். விடியற்காலையில் அப்பா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். அம்மா ஒரு நேரம் ஈரத்துணியை வைப்பாள், ஒரு நேரம் கரண்டியை. மாறி வைத்து நான் பார்த்ததில்லை. தட்டு எத்தனை இறங்கியது, ஆவி எப்படி வருகிறது, எல்லாம் அவள் கண்ணில் இருக்கிறது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1991-இல் ஜோடிகளை வைத்துச் சோதித்தார். அவரவர் போக்கில் விட்டால், பழகிய ஜோடி அந்நியரைவிட நிறைய ஞாபகம் வைத்திருந்தது. யார் எதை நினைவில் வைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் அந்த ஜோடிதான் தடுமாறியது. பேசாமலே பங்கு போட்டிருந்தார்கள்.

செம்பூர்க்காரி: தம்பி, அது ஒரே அடுப்படி. என் அக்கா இருப்பது கோவையில். அவள் கண்ணை நான் எங்கே பார்த்தேன்?

தாராவித்தம்பி: குரலைக் கேட்டிருப்பீர்களே அக்கா. காய்ச்சல் வருமுன்னே சோர்வு வந்திருக்கலாம்.

லோக்கல்ரயில்: எழுதிப் பாருங்கள். மனசு சரியில்லை என்றால் உடனே, யாரைப் பற்றி என்று உங்களுக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள், நேரம் தானாக விழும். ஒன்றும் நடக்காவிட்டால் அழிக்கக் கூடாது. அங்கேதான் எல்லோரும் கள்ளாட்டம்.

செம்பூர்க்காரி: சரி. அக்காவையும் தனியாக எழுதச் சொல்கிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கப் போவதில்லை.

மாட்டுங்கா_மாமா: முடிவை இங்கேயே போடும்மா. எனக்கு இப்போதே புரை ஏறுகிறது, யாரோ திட்டுகிறீர்கள்.

லோக்கல்ரயில்: நான் இல்லை. தண்ணி குடிங்க மாமா.