'கலர் டல்லா இருக்கு' என்பதற்கு மேல் வாடிக்கையாளர் எதுவும் சொல்லவில்லை: பாதி வேலையில் எப்படிப் பேசிச் சரிசெய்வது?

தறிவலை:

வணக்கம். சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு வேர்ட்பிரஸ் தளம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 8 பக்கம், தமிழும் ஆங்கிலமும். பேசிய தொகை ரூ. 45,000, அதில் 40% அட்வான்ஸ் வந்துவிட்டது. கோட்டேஷனில் இருப்பது "வெப்சைட் டிசைன், 8 பக்கம்" என்ற ஒரே வரி.

முதலாளி "கலர் டல்லா இருக்கு, எடுப்பா வேணும்" என்கிறார். அவர் மகன் "நிறைய வெள்ளை இடம் விட்டு சிம்பிளா பண்ணுங்க" என்கிறார். எல்லாமே வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில், தனித்தனியாக. சரக்குப் படங்களும் விவரங்களும் கேட்டும் வரவில்லை. அடுத்த தவணையை எந்தக் கட்டத்தில் கேட்பது என்றும் தெரியவில்லை. உறவு கெடாமல் இதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

பிக்சல்பாண்டி:

அடுத்த டிசைனை இப்போது தொடங்காதீர்கள். முடிவெடுப்பவர் யார் என்று தெரியாதவரை எத்தனை போட்டாலும் ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது. இருவரையும் ஒன்றாக வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். முடிந்தால் நேரில், இல்லையென்றால் ஒரே ஃபோன் காலில். முதல் கேள்வியே இதுதான்: "சார், உங்க ரெண்டு பேர் கருத்தும் எனக்கு வேணும். ரெண்டும் வேற வேறயா இருந்தா கடைசியா யார் சொல்றதை எடுத்துக்கட்டும்?" மகன் இருக்கும்போது அப்பாவிடம் கேளுங்கள். "டிசைனை தம்பி பாத்துக்கட்டும், சரக்கு விவரம் நான் சொல்றேன்" என்று பிரித்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது 'டல்'. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வெவ்வேறு குறைகள் இருக்கலாம். பின்னணி வெளிறியிருக்கலாம், எழுத்து மெலிந்திருக்கலாம், படம் வெளிச்சமில்லாமல் எடுத்ததாக இருக்கலாம், அவர் ஃபோனில் பிரைட்னஸ் குறைந்திருக்கலாம். நீங்கள் லேப்டாப்பில் பார்ப்பதை அவர் பார்ப்பதில்லை. அவர் ஃபோனிலேயே திறந்து "எந்த இடம் சார்?" என்று விரலை வைக்கச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் வட்டமிட்டு அனுப்பச் சொல்லலாம். துணி விற்கும் தளத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது படங்களைத்தான். குடோன் வெளிச்சத்தில் எடுத்த சிவப்பு பார்டர் மங்கித்தான் தெரியும்; அதற்குப் பட்டன் நிறத்தை மாற்றிப் பயனில்லை.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் ரசனைதான் பதிலாக வரும். வியாபாரத்தைக் கேளுங்கள்: "மதுரைல இருந்து ஒரு கடைக்காரர் இதைத் திறந்தா, குறைஞ்சபட்ச ஆர்டர் எவ்வளவு, யாருக்கு ஃபோன் பண்ணணும்னு உடனே தெரியுதா?" இதற்கு அப்பாவும் மகனும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடியும். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து போன்ற ஆசைகள் வந்தால் "நல்லா இருக்காது" என்று வாதாடாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. கான்ட்ராஸ்ட் சோதிக்கும் கருவியில் போட்டு எண்ணைக் காட்டி, அந்த மஞ்சளைப் பட்டைக்கோ பார்டருக்கோ பயன்படுத்தலாம் என்று மாற்று கொடுங்கள்.

பேசிய அன்றே எழுத்தில் அனுப்புங்கள். இப்படி:

"வணக்கம் சார். இன்று பேசி முடிவானவை: 1) டிசைன் முடிவு தம்பி சொல்வது. 2) மேல் பட்டை அரக்கு நிறம், பின்னணி வெள்ளை. 3) முகப்பில் 4 சரக்கு வகைகள் மட்டும். உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த 4 வகை எவை என்று வியாழன் மாலை 6 மணிக்குள். கிடைத்தால் திங்களன்று முகப்பை அனுப்புகிறேன்."

ஒரு மெசேஜில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். ஐந்து கேட்டால் எளிதான இரண்டுக்குப் பதில் வரும், மற்றவை அப்படியே கிடக்கும். வாய்ஸ் மெசேஜைத் தடுக்க முயல வேண்டாம், அது அவருக்கு வசதி. கேட்டுவிட்டு எண் போட்டு எழுதி, "இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா சார்?" என்று திருப்பி அனுப்புங்கள். அதற்கு வரும் 'சரி'தான் உங்கள் ஆவணம்.

அச்சுக்கோர்வை:

படமும் விவரமும் வராததற்குக் காரணம், "கன்டென்ட் அனுப்புங்க" என்றால் என்ன அனுப்புவது என்று அவருக்குத் தெரியாததுதான். கூகுள் ஷீட்டில் நீங்களே தலைப்புகளைப் போட்டு, முதல் இரண்டு வரிகளை நிரப்பிக் கொடுங்கள்: சரக்கின் பெயர், அளவு (60×90 அங்குலம், 90×100 அங்குலம்), துண்டுக்கு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), எத்தனை நிறம், குறைந்தபட்ச ஆர்டர், படத்தின் எண். எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டி பில்லில் போடும் சரக்கு வகை எண்) கேட்டு அலைய வேண்டாம். பெட்ஷீட்டும் துண்டும் 6302-ல் வரும். முழு எண் அவர்களுடைய பில்லிலேயே இருக்கும். எல்லாச் சரக்கையும் ஒரே மூச்சில் கேட்காமல் முதலில் 12 போதும் என்று சொல்லுங்கள். விலை போடுவதா வேண்டாமா என்பது மொத்த வியாபாரத்தில் தனி முடிவு. அதை இந்த ஷீட்டில் கலக்காதீர்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேலரியிலிருந்து சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், நெசவின் இழை தெரியாது. லோகோவுக்கு விசிட்டிங் கார்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார்கள். கார்டு அடித்த பிரஸ்ஸில் கோரல்டிரா (அச்சு வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் உரைக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய கேட்டலாக்கிலிருந்து எடுத்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்பு, துணைக்கால், ஸ்ரீ எல்லாவற்றையும் கண்ணால் சரிபாருங்கள். கேட்டலாக் கோப்பில் எழுத்துகளை வளைகோடுகளாக (எழுத்தாக இல்லாமல் வரைந்த உருவமாக) மாற்றியிருந்தால் பிரதியெடுக்கவே முடியாது, தட்டச்சு செய்யத்தான் வேண்டும். அந்த நேரம் யாருடைய கணக்கு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். டிசைனுக்கு ஒப்புதல் வாங்கும்போதும் உண்மையான தமிழ் வாசகங்களைப் போட்டுக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் பட்டன் தமிழில் இரண்டு வரிக்குப் போகும். ஒப்புதலுக்குப் பின் அது தெரிந்தால் அவர் கண்ணுக்கு நீங்கள் கெடுத்ததாகவே படும்.

கணக்குப்புலி:

ஒரே வரிக் கோட்டேஷனுக்கு இப்போதும் ஒரு பக்க இணைப்பு எழுதலாம். தொகையை மாற்றாமல் தெளிவை மட்டும் சேர்த்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதில் 8 பக்கங்களின் பெயர், திருத்தச் சுற்று எத்தனை, தவணை எப்போது, எது இதில் அடங்காது என்று இருந்தால் போதும். சுற்று என்றால் என்ன என்று எழுதவில்லையென்றால் "ரெண்டு சுற்று இலவசம்" என்பதற்குப் பொருளே இல்லை. கருத்துகள் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து, அதை ஒரே தடவையில் திருத்திக் கொடுப்பது ஒரு சுற்று. நீங்கள் தவறவிட்டதும் உடைந்ததும் சுற்றுக் கணக்கில் வராது, எப்போதும் இலவசம். ஒப்புதல் கொடுத்ததை மாற்றினால் சுற்று. புதிய பக்கம், புதிய வசதி என்றால் தனி விலை.

தவணை: ரூ. 18,000 வந்துவிட்டது. டிசைன் ஒப்புதலில் ரூ. 13,500, அவர்கள் டொமைனில் (தளத்தின் இணைய முகவரியில்) ஏற்றுவதற்கு முன் ரூ. 13,500. 'வேலை முடிந்ததும்' என்று எழுதவே கூடாது. சரக்குப் படம் வராவிட்டால் வேலை என்றைக்கும் முடியாது. உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் பில்லில் வரி போட முடியாது. ஜிஎஸ்டி பில் எதிர்பார்க்கும் நிறுவனத்திடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஒப்புதலுக்கு அனுப்பி 5 வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

பிக்சல்பாண்டி:

அந்தக் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஜவுளி மொத்த வியாபாரி ஃபோனை எடுப்பதே அரிது. அப்போது மௌனத்தைச் சம்மதமாக எடுத்து மேலே கட்டினால், அவர் பார்க்கும் நாளில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில், "பதில் வரும்வரை வேலை நிற்கும், வந்தபின் என் கையில் இருக்கும் வேலைகளைப் பொறுத்துப் புதிய தேதி தருவேன்" என்று எழுதுங்கள். உங்கள் நாட்கள் பாதுகாப்பாக இருக்கும், அவரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்.

கணக்குப்புலி:

டிசைனுக்கு அது சரிதான். ஆனால் எழுத்துப் பிழை சரிபார்ப்புக்கு என் வரியே இருக்கட்டும். அதற்காகத் தளத்தை நிறுத்தி வைப்பது வீண்.

இன்னொன்று. டொமைன் அவர்களுடைய மின்னஞ்சலில், அவர்கள் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றுமுன் பழைய டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மெயிலும் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) எல்லாவற்றையும், குறிப்பாக மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவை, புதிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். அதை விட்டால் தளம் ஒழுங்காக வரும், நிறுவனத்தின் மெயில் நின்றுபோகும். அவர் முதலில் கவனிப்பது ஆர்டர் மெயில் வரவில்லை என்பதைத்தான். "மாற்றும் அன்று சிலருக்குப் பழைய தளமே தெரியும், அது இயல்பு" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

தறிவலை:

மிக்க நன்றி. இணைப்பை எழுதத் தொடங்கிவிட்டேன். இதற்கிடையில் மகன் "ஆன்லைன்ல காசு கட்டி வாங்குற மாதிரியும் போட்டுடுங்க" என்று கேட்டிருக்கிறார். இதை எப்படி மறுப்பது?

அச்சுக்கோர்வை:

மறுக்க வேண்டாம், அதில் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்று காட்டுங்கள். "பண்ணலாம் தம்பி. அதுக்கு முன்னாடி நாலு விஷயம் நீங்க முடிவு பண்ணணும்" என்று தொடங்குங்கள். சில்லறை விலை என்ன, கூரியர் செலவு யாருடையது, சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வது, ஸ்டாக்கை யார் தினமும் மாற்றுவார்? மொத்த வியாபாரிகள் பார்க்கும் அதே தளத்தில் சில்லறை விலையைக் காட்டலாமா என்பதை அவர் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். பேமென்ட் கேட்வே நிறுவனம் (ஆன்லைனில் பணம் வாங்கித் தருவது) பான், வங்கிக் கணக்கு, கேஒய்சி (அடையாளச் சான்றுகள்) எல்லாம் நிறுவனத்தின் பெயரில் கேட்கும். தளத்தில் தனியுரிமை, விதிமுறைகள், பணம் திருப்பித் தருதல், டெலிவரி, தொடர்பு ஆகிய பக்கங்கள் இல்லாமல் ஒப்புதல் கிடைக்காது. அதுவே உங்கள் 8-க்கு மேல் நான்கைந்து பக்கம்.

பிறகு மூன்று வழி கொடுங்கள்: 1) இப்போதைக்கு ஒவ்வொரு சரக்கின் கீழும் வாட்ஸ்அப் விசாரணை பட்டன், கூடுதல் தொகை இல்லை; 2) தளம் ஏறியபின் தனி வேலையாக ஆன்லைன் விற்பனை, தனி கோட்டேஷன்; 3) இப்போதே வேண்டுமென்றால் புதிய தொகை, புதிய தேதி. மூன்றையும் அப்பாவும் மகனும் இருக்கும் ஒரே குழுவில் போடுங்கள்.