கணக்குக்குத் தனி டியூஷன் வைக்கலாமா? மகன் ஒன்பதாவது, மகள் கல்லூரி முதலாண்டு

வாசல்படி எழுதியது:

வணக்கம். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கணக்கு தகராறு செய்கிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. ஏழாவது வரை ஒரு குறையும் இல்லை, இயற்கணிதம் கனமானதிலிருந்து இறங்குமுகம்தான். டீச்சர் போர்டில் போடும்போது எல்லாம் புரிகிறது என்கிறான், வீட்டுக்கு வந்து அதே கணக்கை எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். மகள் பொறியியல் முதலாண்டு. பள்ளியில் கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண், கல்லூரியில் முதல் தேர்விலேயே தேறவில்லை. அவளுக்கு அது பெரிய அடி, பேசவே மாட்டேன் என்கிறாள்.

தனியாக ஒருவரை வைக்க வேண்டுமா, நாலைந்து பேர் சேர்ந்து படிக்கும் இடம் போதுமா, ஆன்லைனில் கணக்கு மண்டையில் ஏறுமா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, சொல்லிக்கொடுக்க வருபவர் சரியானவரா என்று கணக்கே தெரியாத நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் டெமோ வகுப்பு தருகிறார்கள். டெமோவில் எல்லாருமே பிரமாதமாகத்தான் நடத்துகிறார்கள்.

பழைய_சாக்பீஸ் எழுதியது:

நான் டியூஷன் எடுப்பவன், அதனால் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

டெமோவில் பிரமாதமாக நடத்துவதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகனுக்கு நடத்துவதில் குறையில்லையே, போர்டில் பார்க்கும்போது புரிகிறது என்று அவனே சொல்கிறான். இன்னொருவர் வந்து இன்னும் அழகாகப் போட்டுக் காட்டினால் இன்னும் அழகாகப் புரியும், மறுநாள் பேனா அதே இடத்தில்தான் நிற்கும். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம், வகுப்பு நடக்கும்போது பேனா யார் கையில் அதிக நேரம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பையன் எழுத, அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அவன் தடுமாறும்போது உடனே பாய்ந்து அடுத்த வரியைச் சொல்லிவிடாமல் கொஞ்ச நேரம் பொறுக்கிறாரா? இன்னொன்று, விடை சரியாக வந்த கணக்கிலும் 'இதை எப்படிச் செய்தாய், சொல்லு' என்று கேட்கிறாரா? தப்பு வந்தால் மட்டும் கேட்பவரிடம், அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே பிள்ளை எழுதியதை அடித்துத் திருத்த ஆரம்பித்துவிடுவான்.

அடுத்தது, ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கே இருக்காது, இரண்டு மூன்று வகுப்பு கீழே இருக்கும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், தேர்வு என்று சொல்ல வேண்டாம்.

1/2 + 1/3
−7 − (−3)
8 + 4 = ☐ + 5

மூன்றாவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெட்டிக்குள் 12 என்றோ 17 என்றோ போடுகிற பிள்ளைகள் நிறைய. விடை 7. பன்னிரண்டு போடுகிறவனுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை, சமக்குறி என்றால் 'இதற்குப் பிறகு விடை எழுது' என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற எண்ணம் இல்லாதவனுக்கு 3எக்ஸ் + 2 = எக்ஸ் + 10 என்பது வெறும் கிறுக்கல். பதிவு நீண்டுவிட்டது, மகளைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், கல்லூரிக் கணக்கு என் வேலை இல்லை.

நேர்கோடு77 எழுதியது:

தனி வகுப்புதான், யோசிக்கவே வேண்டாம். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1984இலேயே எழுதிவிட்டார், தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் சராசரி மாணவன்கூட சாதாரண வகுப்பறையில் படித்த 98 விழுக்காட்டினரைத் தாண்டிவிட்டான். குரூப்பில் சேர்த்தால் பள்ளியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும்.

கோணல்மானி எழுதியது:

புளூமை டியூஷன் விளம்பரங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்த ஆய்வுகளில் தனி வகுப்பு மாணவர்களுக்கு ஆள் மட்டும் கொடுக்கவில்லை. ஒரு பகுதியில் தேர்வு வைத்து, தவறியதைத் திருத்தி, நன்றாகத் தேறிய பிறகே அடுத்த பகுதிக்கு விட்டார்கள். சாதாரண வகுப்புக்கு அந்தத் திருத்தும் வேலை இல்லை. ஆக, பலன் எவ்வளவு 'தனி'யால் வந்தது, எவ்வளவு திருத்தத்தால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். பிறகு வந்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவும் இல்லை. கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தனி ஆசிரியரின் பலன் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 0.79தான் வந்தது, புளூம் சொன்ன அந்த 98 விழுக்காடு என்பது 2. சரி, 0.79 என்பதும் சின்ன விஷயம் இல்லை, கல்வி ஆய்வில் அது நல்ல அளவுதான். ஆனால் 98 விழுக்காடு என்று சொல்லி வியாபாரம் பண்ணாதீர்கள்.

என் கருத்தில் மூன்று பேர் வரை உள்ள குழுவை நிராகரிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவன் செய்யும் தப்பைப் பார்த்து 'அது ஏன் தப்பு' என்று சொல்லச் சொன்னால் சொல்கிறவனுக்கே பாதி தெளிவாகிவிடும். பத்துப் பேர் என்றால் அது இன்னொரு வகுப்பறை, அவ்வளவுதான்.

யாரும் பேசாத ஒன்று, எந்தக் கணக்குகளைப் பயிற்சிக்குத் தருகிறார் என்பது. பாடம் முடிந்ததும் அதே மாதிரியில் இருபது கணக்கு போடச் சொல்வதுதான் வழக்கம். ஐந்தாவது கணக்கிலிருந்து பையன் கேள்வியையே படிக்க மாட்டான், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், எண்ணை மட்டும் எடுத்துப் போடுவான். தேர்வில் எல்லாம் கலந்து வரும்போது எந்த வழி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதைத்தான் அவன் ஒருநாளும் பழகவே இல்லையே. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் கல்லூரி மாணவர்களை வைத்துக் கனஉருவங்களின் கன அளவு காணும் கணக்குகளில் இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது ஒரே மாதிரிக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டவர்கள் 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20, கலந்து போட்டவர்கள் 63. அதனால் டியூஷன் நோட்டில் வரிசையாகப் பச்சை டிக் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கலந்து கொடுக்கும் ஆசிரியரிடம் நோட்டு அசிங்கமாகத்தான் இருக்கும்.

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

அக்கா, மகளைப் பற்றி நான் சொல்கிறேன். கணிதம்தான் என் பாடம், முதலாண்டு மாணவர்களுக்கு மாலையில் சொல்லியும் கொடுக்கிறேன்.

பள்ளியில் நன்றாக வாங்கி இங்கே விழுவதில் இரண்டு ரகம் உண்டு, எது என்று தெரியாமல் ஆள் தேடாதீர்கள். முதல் ரகம், நுண்கணிதம் (கால்குலஸ்) புரியவில்லை என்று வருவார்கள், உட்கார வைத்துப் பார்த்தால் வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) சரியாகவே இருக்கும், அதற்கு அடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது தப்பு. பின்னத்தின் கீழே, அதாவது பகுதியில், இரண்டு உறுப்புகளின் கூட்டல் இருக்கும், மேலே இருப்பதோடு ஒன்றை மட்டும் அடித்துவிடுவார்கள். வர்க்கமூலத்துக்குள் கூட்டல் இருந்தால் தனித்தனியாக மூலம் எடுத்துவிடுவார்கள், √(9 + 16) என்பதை 3 + 4 = 7 என்பார்கள், உள்ளே கூட்டினால் 25, மூலம் 5 என்று எண்ணில் காட்டினால்தான் முகம் மாறும். எக்ஸ் ஸ்கொயர் = 5எக்ஸ் என்று வந்தால் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று மட்டும் விடை எழுதி, பூச்சியம் என்ற இன்னொரு விடையைத் தொலைத்துவிடுவார்கள். இவர்களுக்குக் கல்லூரிப் பேராசிரியர் அளவுக்கு ஆள் தேவையே இல்லை, பிளஸ் டூவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் சில வாரம் உட்கார்ந்தாலே நிமிர்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது ரகம் கொஞ்சம் கடினம். பள்ளியில் மாதிரிக் கணக்கைப் பார்த்து மனப்பாடமாகப் போட்டே மதிப்பெண் வாங்கியவர்கள். இங்கே 'நிரூபி' அல்லது 'உண்மையா, இல்லையென்றால் எடுத்துக்காட்டு தருக' என்று கேள்வி வந்ததும் கை கால் ஓடாது. ஒரு தொடரின் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால் கூட்டுத்தொகை ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும் என்று நம்புவார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடர் அடங்காது. 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரையைத் தாண்டும், அடுத்த நான்கும் சேர்ந்தால் அரையைத் தாண்டும், அதற்கடுத்த எட்டும் அப்படியே, இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும். பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன வழி இது, இன்றைக்கும் இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. இந்த ரகத்துக்கு வேண்டியது கணக்குப் போட்டுக் காட்டுகிற ஆள் இல்லை, வரையறையைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லி, 'தொடர்ச்சியான சார்பு, ஆனால் ஒரு புள்ளியில் வகையிட முடியாது, ஒன்று சொல்லு பார்க்கலாம்' என்று குடைகிற ஆள். 'மட்டு மதிப்புச் சார்பு (மைனஸ் குறியை விட்டு மதிப்பை மட்டும் எடுப்பது), பூச்சியத்தில்' என்று உடனே பதில் வந்தால் தப்பித்தாள்.

எந்த ரகம் என்பது விடைத்தாளைப் பார்த்தாலே தெரியும், அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுடைய துறைப் பேராசிரியரிடம் போய்க் கேட்பது இலவசம், ஆனால் 'ஒன்றும் புரியவில்லை சார்' என்று போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வரி வரை வந்தது, எங்கே நின்றது என்று தாளோடு போக வேண்டும். அப்புறம் ஒரு எச்சரிக்கை. அசைன்மென்ட்டை முடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லும் டியூஷன்காரர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது கல்லூரியில் பிடிபட்டால் பிரச்சினை, பிடிபடாவிட்டால் தேர்வில் இன்னும் பெரிய பிரச்சினை.

ஆன்லைன் பற்றிக் கேட்டீர்கள். மாணவர் எழுதுவதை ஆசிரியர் அப்போதைக்கப்போது பார்க்க முடிந்தால் போதும், காகிதத்துக்கு மேல் போனை மாட்டிவைத்தால்கூட ஆகும். முகம் மட்டும் தெரிகிற வீடியோ வகுப்பு வேண்டாம்.

வாசல்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று கணக்கையும் மகனிடம் கொடுத்தேன். முதலாவதற்கு 2/5. இரண்டாவதற்கு −10. மூன்றாவதில் 7 என்று சரியாகப் போட்டான், அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பள்ளித் தேர்வுத்தாளையும் எடுத்துப் பார்த்தேன், அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் வந்த இடமெல்லாம் சிவப்பு. மகளின் தாளில் கடைசி இரண்டு 'நிரூபி' கேள்விகளும் வெறுமையாக இருக்கின்றன, மற்றதெல்லாம் ஓரளவு போட்டிருக்கிறாள். அப்படியானால் அவள் இரண்டாவது ரகமா? மகனுக்கு வாரம் எத்தனை நாள், எவ்வளவு காலம் ஆகும்?

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

ஆமாம் அக்கா, இரண்டாவது ரகம். பயப்பட வேண்டாம். கணக்கு வராதவள் இல்லை, இந்த மாதிரிக் கேள்வியை இப்போதுதான் முதல்முறையாகச் சந்திக்கிறாள். பேசமாட்டேன் என்கிறவளிடம் நீங்கள் ஆள் தேடிக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், சீனியர் மாணவி யாரையாவது அவளே பார்த்துக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறை போதும். வெறுமையாக விட்ட அந்த இரண்டு கேள்விகளிலிருந்தே ஆரம்பிக்கலாம், முதலில் அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை எழுதச் சொன்னாலே பாதி நிரூபணம் தாளில் வந்து நிற்கும்.

பழைய_சாக்பீஸ் எழுதியது:

சமக்குறி பிழைத்தது நல்ல செய்தி, அதுதான் சரிசெய்ய நாளாகும் விஷயம். 2/5 என்றால் பின்னத்தை ஒரு அளவாகப் பார்க்கவில்லை, மேலே ஒரு எண் கீழே ஒரு எண் என்று தனித்தனியாகப் பார்க்கிறான். விதியைச் சொல்லாதீர்கள், '2/5 அரையைவிடப் பெரியதா சின்னதா' என்று கேளுங்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டி அரையைவிடச் சின்னது எப்படி வந்தது என்று அவனே விழிப்பான். மைனஸுக்கும் அப்படித்தான், எண் கோட்டில் நடக்க வைத்துவிட்டு அப்புறம் அடைப்புக்குறிக்குப் போக வேண்டும்.

வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், நடுவில் தினமும் கால் மணி நேரம் அவனாகப் போடுவது. இந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் வாரம் ஐந்து நாள் வைத்தாலும் பலன் இல்லை. எவ்வளவு காலம் என்று இங்கிருந்தே சொன்னால் அது ஜோசியம். ஆள் வந்ததும் முதல் நாளே 'எது எது சரியானால் நிறுத்தலாம்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திணறினால் வேறு ஆள் பாருங்கள். ஒரு மாதம் கழித்து இதே மூன்றையும் எண் மாற்றி, வேறு கணக்குகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து நீங்களே கொடுத்துப் பாருங்கள். டியூஷன்காரரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

வாசல்படி எழுதியது:

சரி. 2/5 கேள்வியை இப்போதே கேட்டேன். 'அம்மா, இரு இரு' என்று தாளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.